காலணாவும் புளியும்

சென்ற தீபாவளி கழிந்த வாரம், நம் சங்க நண்பர் ஒருவர் செப்புக் காசு ஒன்றை என் கையில் வைத்து, "சார், நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவர். இது அசல்தானா, பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். பேரனுக்காக நல்ல விலை கொடுத்து வாங்கிய 1835ஆம் வருஷத்துக் காலணா. புதுக்காசு போல் பளபளத்தது. அந்தப் பளபளப்பே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

வங்காளம், பம்பாய், மதராஸ் என்று ராஜதானிக்கு ஒரு விதமாக இருந்த நாணயங்களை, கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் சட்டமியற்றி ஒரே முறைக்குக் கொண்டுவந்தது. ரூபாய்க்கு 64 காலணா. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம். அதன் கீழே வருஷம். எடை 100 கிரெயின், அதாவது சுமார் 6.5 கிராம்.

நண்பரின் காசு 6.3 கிராம் இருந்தது. புழங்கித் தேய்ந்த காசுக்கு இது சரியே. விளிம்பில் வார்ப்புக் கோடு இல்லை. பரப்பில் குமிழிப் பள்ளங்களும் இல்லை. பத்து மடங்கு லென்ஸில் வருஷ எண்களைச் சுற்றிச் சுரண்டிய தடயமும் இல்லை. காசு அசல்தான், வருஷத்தைத் திருத்தவில்லை.

ஆனால் தாமிரம் காற்றுப்பட்டால் முதலில் செம்பழுப்பாகும், பிறகு கறுக்கும். ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு ஏறும். புழங்கிய காசில் மேடுகள் சற்று வெளுத்தும், எழுத்திடுக்குகள் கறுத்தும் இருக்க வேண்டும். இதிலோ மேடும் பள்ளமும் ஒரே ரோஜா நிறம். சிங்கங்களின் பிடரி மழுங்கிவிட்டது, காசு மட்டும் மின்னுகிறது! லென்ஸில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். எழுத்துகளின் மூலையில் பாலிஷ் பொடி.

இதைச் சொல்ல எனக்குப் படிப்பு மட்டும் உதவவில்லை. பத்து வயதில் நானே அந்தத் தவறைச் செய்தவன். ஆடி வெள்ளிக்கு அம்மா குத்துவிளக்கு தேய்த்து மீந்த புளியால், பூஜைப் பெட்டியில் இருந்த காலணாவைத் தேய்த்தேன். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட படிவத்தைச் சில நிமிஷங்களில் கரைத்துவிட்டது. அப்பா கோபிக்கவில்லை. "எங்க தாத்தா கையில புழங்கின காசுடா" என்றார், அவ்வளவுதான். அது பிறகு மறுபடி கறுத்தது. ஆனால் திட்டுத் திட்டாக, ஊதாவும் கருப்புமாக. பழைய நிறம் திரும்பவே இல்லை.

நண்பரிடம் மறைக்காமல் சொன்னேன். "காசு அசல். ஆனா நீங்க கொடுத்த விலை பாலிஷுக்கு." சற்று நேரம் பேசாமலிருந்தவர், "பேரனிடம் அப்படியே சொல்லிடறேன்" என்றார்.

அங்கத்தினர்கள் வீட்டில் பழைய செப்புக் காசு இருந்தால், தயவுசெய்து தேய்க்காதீர்கள். தூசி இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, ஒற்றி, நன்றாக உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது உப்பினால் வரும் அரிப்பு, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். புளி குத்துவிளக்குக்கு இருக்கட்டும்.