ஒரு கைப்பிடி கரி

நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலுக்குப் போயிருக்கிறீர்களா? பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வரும் ஊர். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இரும்பு உலைகள் கிடைத்தன. உருக்கு செய்ய மண்குவை வைத்த உலையும்கூட.

ஒரு கணக்குப் போடலாமா? ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடாக்க 0.45 கிலோஜூல் போதும். தண்ணீருக்கு 4.2! இதைத் தன்வெப்பம் என்கிறோம். ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் பிடித்துச் சொன்னது 1760-களில்தான். இரும்பை 30-லிருந்து 1,430 டிகிரிக்கு ஏற்ற, 0.45 × 1,400 = 630 கிலோஜூல். (பழுக்கப் பழுக்க இந்தத் தன்வெப்பமும் கூடும். அதையும் சேர்த்தால் சுமார் 950.) இதே சூட்டில் மூணேகால் லிட்டர் தண்ணீர்தான் கொதிநிலையைத் தொடும். ஒரு கிலோ மரக்கரி 30,000 கிலோஜூல் வரை தரும். ஆக, ஒரு கைப்பிடி கரி போதுமே?

போதவில்லை. கூடை கூடையாகக் கொட்டியிருக்கிறார்கள். களிமண் சுவர் குடித்தது பாதி, துருத்திக் காற்றோடு மேலே போனது மீதி. தாதுவிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கவும் அதே கரிதான். அத்தனையும் காட்டு மரம். தெர்மாமீட்டர் இல்லாத கொல்லருக்கு நிறம்தான் கணக்கு.

இன்றைக்குக் கோவை ஃபவுண்டரியில், பம்ப்செட்டுக்காக ஒரு டன் இரும்பை உருக்க, ஏட்டுக் கணக்குப்படி 400 யூனிட் மின்சாரத்துக்குள் முடிய வேண்டும். இண்டக்‌ஷன் உலை 550, 600 என்று இழுக்கிறது. அதிகப்படியில் பெரும்பங்கு, செம்புச் சுருளைக் குளிரவைக்கும் தண்ணீரோடு போய்விடுகிறது.