முப்பது விழுக்காடு பிறந்த கதை

கனடாவில் வெளியான பழைய இசைத்தட்டுகளின் நடு ஒட்டுத்தாளிலும், பிறகு வந்த இறுவட்டுகளின் பின்னட்டையிலும் ஒரு சின்ன வட்டம் அச்சாகியிருக்கும். நான்காக வகுத்த வட்டம். ஒவ்வொரு கால் பாகத்திலும் ஓர் ஆங்கில எழுத்து: எம், ஏ, பி, எல். எம் என்றால் இசையமைப்பு. ஏ பாடிய அல்லது வாசித்த கலைஞர். பி ஒலிப்பதிவு நடந்த இடம். எல் பாடல் வரிகள். நான்கில் எவையெல்லாம் கனேடியருடையவை என்று வட்டத்தைப் பார்த்ததுமே அறிவிப்பாளர் தெரிந்துகொள்வார். இரண்டு தேறினால் அந்தப் பாட்டு சட்டத்தின் கண்ணில் கனேடியப் பாட்டு.

ரூஜ் ஆற்றை ஒட்டி, ஸ்காபரோவின் கிழக்கு விளிம்பில், பேஸ்மென்டில் ஒலிவாங்கியும் மடிகணினியும் வைத்துப் பாட்டுப் பதியும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வட்டத்தின் கதை தெரிய வேண்டும் என்பது என் ஆசை. அவர்களுக்கும் அதில் ஒரு பங்கு எழுதப்பட்டிருக்கிறது.

1965-ல் வினிப்பெக் நகரத்து இளைஞர் குழு ஒன்று, 'ஷேக்கின் ஆல் ஓவர்' என்ற பாட்டை வெளியிட்டது. குழுவின் பெயர் சாட் ஆலன் அண்ட் த எக்ஸ்பிரஷன்ஸ். அந்தப் பெயரோடு தட்டை அனுப்பினால் கனேடிய வானொலி நிலையங்களே போடமாட்டா என்று இசைத்தட்டு நிறுவனம் பயந்தது. பீட்டில்ஸ் அலை வீசிய காலம். ஏதோ இங்கிலாந்துக் குழு என்று நினைக்கட்டும் என்று, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'கெஸ் ஹூ?' என்று மட்டும் அச்சிட்டு அனுப்பினார்கள். யார் என்று ஊகியுங்கள் பார்ப்போம்! பாட்டு ஓடியது. அதற்குப் பிறகு குழுவின் பெயரே அதுவாகிவிட்டது. சொந்த நாட்டு வானொலியில் ஒலிக்க, சொந்த ஊரை மறைக்கவேண்டியிருந்தது. இதைவிடத் தெளிவாக அந்தக் காலத்தை விளக்கும் சம்பவம் எனக்குத் தெரியவில்லை.

நிலைய முதலாளிகள் கெட்டவர்கள் அல்ல, கணக்குப் பார்த்தவர்கள். அமெரிக்காவில் ஏற்கனவே வெற்றி பெற்ற பாட்டைப் போட்டால் நட்டமில்லை. புதியவரின் பாட்டைப் போட்டால், நேயர் ஊசியை அடுத்த நிலையத்துக்குத் திருப்பிவிடலாம். ஆனால் ஒரு பாட்டு ஒரு தடவை கேட்டு மனதில் நிற்பதில்லை. காலையில், மாலையில், மறுநாள் என்று திரும்பத் திரும்பக் காதில் விழவேண்டும். அந்தத் திரும்பத் திரும்பத்தான் புதியவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்கள் எல்லையைத் தாண்டினார்கள். ரொறன்ரோவின் யோர்க்வில் கோப்பிக் கடைகளில் பாடித் திரிந்த நீல் யங், 1966-ல் பழைய பிண ஊர்தி ஒன்றை ஓட்டிக்கொண்டு லொஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேர்ந்தார். ஜோனி மிட்செலும் தெற்கேதான் போனார்.

இதை எதிர்த்துக் குரல் எழுந்தது ரொறன்ரோவிலிருந்துதான். வால்ட் கிரீலிஸ் என்ற முன்னாள் பொலிஸ்காரர் 1964-ல் ஆர்.பி.எம். என்ற சிறிய இசை வார இதழைத் தொடங்கினார். அவருடைய நண்பர் ஸ்டான் கிளீஸ் இசைத்தட்டுத் தயாரிப்பாளர். கனேடியப் பாட்டுகளுக்கு வானொலியில் இடம் ஒதுக்கச் சட்டம் வேண்டும் என்று இதழ் விடாமல் எழுதியது. நான்கு எழுத்து வட்டத்தை வகுத்தவர் கிளீஸ்தான். சேர்த்து வாசித்தால் மேப்பிள் மரத்தின் பெயர் ஒலிக்கும்படி எழுத்துகளை அமைத்தார்.

சட்டம் வரும் என்று தெரிந்ததும் நிலையங்கள் முந்திக்கொண்டன. 1969-ல் 'மேப்பிள் லீஃப் சிஸ்டம்' என்று ஒரு கூட்டு ஏற்பாடு செய்து, நல்ல கனேடியத் தட்டுகளை நாங்களே தேர்ந்து போடுகிறோம், அரசாங்கம் தலையிடவேண்டாம் என்றார்கள். ஆனால் ஒட்டாவாவில் 1968-ன் ஒலிபரப்புச் சட்டம் ஒரு புதிய ஆணையத்தை உருவாக்கியிருந்தது. சி.ஆர்.டி.சி. என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். அதன் முதல் தலைவர் பியர் ஜுனோ. அலைவரிசை பொதுச் சொத்து, அதை வாடகைக்கு எடுத்தவர்கள் பொதுமக்களுக்கு ஏதாவது திருப்பித் தரவேண்டும் என்ற நிலையில் அவர் அசையாமல் நின்றார். 1970-ல் விசாரணை நடந்தது. 1971 ஜனவரி 18-ல் விதி நடைமுறைக்கு வந்தது. காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை ஏ.எம். நிலையங்கள் போடும் இசையில் 30 விழுக்காடு கனேடியப் பாட்டு. முதல் ஆண்டில் வட்டத்தின் ஒரு கால் தேறினால் போதும் என்று விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து இரண்டு. ஆர்.பி.எம். இதழ் தன் விருதுக்கு ஜுனோவின் பெயரையே சற்று மாற்றிச் சூட்டியது. கனடாவின் பெரிய இசை விருது இன்றும் அந்தப் பெயரோடுதான் வழங்கப்படுகிறது.

எதிர்ப்பு உடனே அடங்கவில்லை. சில நிலையங்கள் கனேடியப் பாட்டுகளை ஆள் கேட்காத நேரங்களில் மூட்டை கட்டிப் போட்டன. அந்த நேரத்துக்கு 'பீவர் நேரம்' என்று பெயரே வந்துவிட்டது. வேறு சில நிலையங்கள் ஏற்கனவே புகழ்பெற்றிருந்த ஆன் மறேயையும் கோர்டன் லைட்ஃபுட்டையும் சுற்றிச் சுற்றிப் போட்டுக் கணக்கை முடித்தன. அதில் புதியவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி நியாயமானது. இருந்தாலும் 30 விழுக்காட்டை நிரப்பத் தட்டுகள் தேவைப்பட்டன. தட்டுகளுக்கு ஒலிப்பதிவுக் கூடங்களும் தயாரிப்பாளர்களும் தேவைப்பட்டார்கள். அந்தத் தேவையில்தான் ஓர் இசைத்தொழில் இந்த நாட்டில் வேர் பிடித்தது. வெகுசன இசைக்கான பங்கு 1999-ல் 35 விழுக்காடாக உயர்ந்தது. பிரெஞ்சு மொழி நிலையங்கள் போடும் பாடல்களில் 65 விழுக்காடு பிரெஞ்சில் இருக்கவேண்டும் என்பது தனி விதி.

வட்டம் ஒருமுறை ஆணையத்தையே சங்கடப்படுத்தியது. 1991-ல் பிரையன் ஆடம்ஸ் வெளியிட்ட தொகுப்பின் பாட்டுகளை, வெளிநாட்டவரான மட் லாங்கோடு சேர்ந்து எழுதியிருந்தார். கணக்குப் பார்த்தால் வட்டத்தில் ஒரு கால்தான் தேறியது. கனடாவின் மிகப் பெரிய பாடகர் கனேடியர் அல்ல என்றானது! நாடே பேசியது. 1993-ல் விதியைத் திருத்தி, கூட்டாக எழுதிய பாட்டில் கனேடியருக்குப் பாதிப் பங்கிருந்தால் செல்லும் என்றார்கள்.

எனக்கு இந்த விதியில் மிகவும் பிடித்தது வேறொன்று. யார் கனேடியர் என்பதற்கு அது தரும் வரையறை. குடியுரிமை பெற்றவர், நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர், இவர்களோடு, பாட்டுக்குப் பங்களிப்பதற்கு முந்திய ஆறு மாதங்கள் கனடாவையே வழக்கமான வசிப்பிடமாகக் கொண்டிருந்தவரும் கனேடியர்தான். அகதிக் கோரிக்கை விசாரணையில் இருக்கும்போதே, கடவுச்சீட்டுக்குப் பல ஆண்டுகள் முன்பே, நம்மவர் ஒருவர் எழுதிய பாட்டு கனேடியப் பாட்டாகிவிடுகிறது. அது தமிழில் இருக்கலாம். பனங்காட்டையும் கீரிமலைக் கேணியையும் பற்றியதாக இருக்கலாம். மொழியை, பொருளை, ரசனையை விதி கேட்பதில்லை. செய்தது யார் என்று மட்டும் கேட்கிறது.

கேட்காமல் விட்டதுதான் அதன் பலம். இந்தியாவில் 1950-களில் தகவல் அமைச்சர் பி.வி. கேஸ்கர், திரையிசை தரம் தாழ்ந்தது என்று அகில இந்திய வானொலியிலிருந்து அதை விலக்கிச் செவ்வியல் இசையை வளர்க்க முயன்றார். நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957-ல் விவித பாரதியைத் தொடங்கித் திரையிசையை மறுபடி உள்ளே அழைக்கவேண்டி வந்தது. கேஸ்கர் ஒரு ரசனையை விலக்கினார். ஜுனோ எதையும் விலக்காமல், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இடம் மட்டும் கேட்டார். திரைப்பாட்டால் தமிழகத்தையே கட்டிப்போட்ட அதே இலங்கை வானொலியில், பின்னர் எஸ்.கே. பரராஜசிங்கம் போன்றோர் ஈழத்து மெல்லிசைக்கு நேரம் பெற்று உழைத்தார்கள். நம் பாட்டு நம் வானொலியில் என்ற ஏக்கம் நமக்குப் புதிதல்ல.

ரொறன்ரோவில் தமிழ் வானொலி முதலில் மறைவாகத்தான் ஒலித்தது. வேறொரு எஃப்.எம். நிலையத்தின் அலையில் துணை அலையாக ஏறி வந்த ஒலிபரப்பைச் சாதாரணப் பெட்டியில் கேட்க முடியாது. அதற்கென்று தனிப் பெட்டி வாங்கவேண்டும். சி.ரி.பி.சி., கீதவாணி, சி.ரி.ஆர். என்று அந்தப் பெட்டிகள் ஸ்காபரோ வீடுகளிலும் கடைகளிலும் நாள் முழுக்கப் பேசின. 2003-ல் சி.எம்.ஆர். 101.3 பண்பலைக்கு உரிமம் கிடைத்தபின் தமிழ் காருக்குள்ளும் வந்தது. பிறகு ஸ்காபரோவுக்கென்றே ஈஸ்ட் எஃப்.எம். 102.7 வந்தது.

இந்தப் பல்லின நிகழ்ச்சிகளுக்கு ஆணையம் வைத்த பங்கு 35 அல்ல, 7 விழுக்காடு. புலம்பெயர்ந்த மொழிகளில் இங்கே செய்த இசைத்தட்டுகள் அரிது என்ற காரணம் ஒருகாலத்தில் சரி. ஒரு மணி நேரத்தில் 14 பாட்டுப் போட்டால், 7 விழுக்காடு என்பது ஒரேயொரு பாட்டு. மீதி 13-உம் கோடம்பாக்கத்திலிருந்து வரலாம். அந்த ஒன்றும்கூட, இங்குள்ளவர் ஒருவர் இங்கேயே பதிந்து பாடிய பழைய திரைப்பாட்டாக இருந்தால் வட்டத்தின் ஏ-யும் பி-யும் தேறிவிடும். சட்டம் நிறைவேறும், புதிதாக ஒரு வரியும் பிறந்திருக்காது.

இன்று அரிது என்ற காரணம் செல்லாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போலும், மிருதங்கமும் கணினியும் கைவந்த யாஞ்சனும் சேர்ந்து செய்த சொல்லிசை, இணையம் வழியே உலகத் தமிழரிடம் போனது. ஷானும் நவ்ஸ்-47-உம் பாடிய 'நீயே ஒளி', 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' படத்தோடு சேர்ந்து நம் வீடுகளுக்கு வந்தது. ரொறன்ரோக் குரல்கள் ஸ்காபரோ வீட்டை அடையச் சென்னையைச் சுற்றி வரவேண்டியிருந்தது எனக்கு உறுத்துகிறது. 'கெஸ் ஹூ?' காலத்துக் கனேடிய நிலையங்கள் அமெரிக்க வெற்றியை எதிர்பார்த்திருந்ததற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

2023-ல் நிறைவேறிய இணைய ஒலிபரப்புச் சட்டம், ஸ்பொட்டிஃபை போன்றவற்றையும் ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்கள் கனேடிய வருமானத்தில் 5 விழுக்காட்டைக் கனேடியப் படைப்புகளுக்குத் தரவேண்டும் என்று 2024-ல் ஆணையம் உத்தரவிட்டது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. அந்த வழக்கு எப்படியும் முடியட்டும். நம் நிலையங்களுக்கு 7 என்பது குறைந்தபட்ச எல்லைதான். 20 விழுக்காடு போடவேண்டாம் என்று எந்த விதியும் தடுக்கவில்லை. காலை வேலைக்குப் போகும் நேரத்தில், ரூஜிலும் மல்வேர்னிலும் மார்க்கத்திலும் எழுதப்பட்ட பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போடவேண்டும். நிலையங்கள் உரிமம் புதுப்பிக்க விண்ணப்பிக்கும்போது ஆணையம் பொதுமக்கள் கருத்தையும் கேட்கிறது. யாரும் எழுதலாம். அதற்கு முன்பே, நேயர் விருப்பத்துக்குத் தொலைபேசி எடுக்கும் அடுத்த தடவை, இந்த ஊர்ப் பிள்ளை ஒருவரின் பெயரைச் சொல்லிப் பாட்டைக் கேளுங்கள்.