வரிசை

குற்றால சீசனில் மெயின் அருவியில் குளிக்க நிற்பதும் வரிசை. தென்காசிக் கல்யாண வீட்டுக்குத் தாய்மாமன் தட்டுத்தட்டாகக் கொண்டுவருவதும் வரிசை. பழம்பொருளுக்கு நெருக்கம் இரண்டாவதுதான். புறநானூற்றில் வரிசை என்றால் தகுதி, அதை அறிந்து செய்யும் சிறப்பு. அருவிக்கரையில் தகுதி யார் பார்க்கிறார்கள்? முந்தி வந்தவர் முந்திக் குளிப்பார். தேய்ந்துபோன அந்தப் பொருளைத்தான் ‘தரவரிசை’ என்ற இக்காலச் சொல் தரத்தை முன்னால் ஒட்டி மீட்டுக்கொண்டது.

மருத்துவ மேற்படிப்பில் தரவரிசைக்கு இரண்டு முகம். நம் நீட் முதுநிலையில் மதிப்பெண்தான் வரிசையைத் தீர்மானிக்கிறது. கலந்தாய்வில் இடம் பெற்றவரைப் பிடிக்கவில்லை என்று கல்லூரி ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் 1952 முதல் நடக்கும் ‘மேட்ச்’ முறையில் மருத்துவமனையும் விண்ணப்பித்தவர்களை வரிசைப்படுத்தித் தன் பட்டியலை எழுதுகிறது. கடைசியில் எழுதப்பட்டவருக்கும் இடம் கிடைக்கலாம். எழுதப்படாதவருக்கு, இடம் காலியாகக் கிடந்தாலும், அந்தச் சுற்றில் கிடையாது. நேர்காணலில் காட்டிய அலட்சியம், பரிந்துரைக் கடிதத்தில் தென்படும் ஐயம், தேர்வுத் தோல்வி, விசா சிக்கல் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். விண்ணப்பித்தவரிடம் அதைச் சொல்லும் வழக்கம் பெரும்பாலும் இல்லை.