பாட்டியின் சுருக்குப் பையும் பெருக்குத் தொடரும்

பள்ளியில் பெருக்குத் தொடர் பாடம். "முதல் உறுப்பு 1, பொது விகிதம் 2. ஏழாவது உறுப்பு என்ன?" என்று கேட்டார் வாத்தியார். ஏழு தடவை இரட்டித்து 128 என்றேன். தலையில் குட்டு விழுந்தது. விடை 64 என்றார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

விளக்கியது பாட்டியின் சுருக்குப் பை. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்த பிறகும் பழைய காசுகள் சிலவற்றை அவள் விடாமல் வைத்திருந்தாள். திண்ணையில் வரிசையாக அடுக்கினேன்: ஓட்டைக் காலணா, அரையணா, ஓரணா, இரண்டணா, நாலணா, எட்டணா, ஒரு ரூபாய். ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரண்டு மடங்கு. காசு ஏழு, இரட்டிப்பு ஆறே தடவை. முதல் காசு இரட்டிக்காமலே கையில் இருப்பதாயிற்றே! ஆறு இரட்டிப்புக்கு 64. ரூபாய்க்கு 64 காலணா என்பது பாட்டிக்குச் சூத்திரம் இல்லாமலே தெரியும்.

புதுக் கணக்கில் அந்தத் தொடர் அறுந்தது. 100-ல் பாதி 50, அதில் பாதி 25, அடுத்தது பன்னிரண்டரை! ஓரணா என்பது ஆறேகால் நயா பைசா. மாற்று அட்டவணையில் 6 என்றே இருந்தது. நாலணாவுக்கு 25. ஆனால் நாலு ஓரணாவைத் தனித்தனியே மாற்றினால் 24தான். "மீதி ஒரு காசு எங்கேடா போச்சு?" என்பாள் பாட்டி.

பத்தின் கணக்கு சுலபம், மறுக்கவில்லை. இப்போது பேத்தி அதே பாடம் படிக்கிறாள். அவளுக்கு அடுக்கிக் காட்ட, அந்த ஏழில் ஐந்து காசுகளே என்னிடம் மிஞ்சியிருக்கின்றன.