துறைமுகக் கழகத்தில் இராமானுஜன்

கணித மேதை இராமானுஜனின் வரலாற்றைக் கூறுவோர் கும்பகோணத்திலிருந்து நேரே கேம்பிரிட்ஜுக்குச் சென்றுவிடுவர். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் அவர் எழுத்தராகக் கழித்த 14 மாதங்கள் ஒரே வரியில் அடங்கிவிடும். அவ்வலுவலகம் இல்லையேல் கேம்பிரிட்ஜ் இல்லை என்பதே என் துணிபு.

கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை, 1907இல் மீண்டும் எழுதியபோதும் அதே முடிவு. பேராசிரியர் சிலர் அவர் திறனை மெச்சினர். ஆயினும், மெச்சியதற்கு மேல் எதுவும் செய்ய விதிகள் இடந்தரவில்லை. ஆசிரியராயிருப்போர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணலாம்.

1912 மார்ச் 1ஆம் நாள், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் அவர் அமர்ந்தார். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், இரயில்வேப் பொறியியலில் பெயர் பெற்றவர். தலைமைக் கணக்கர் நாராயண ஐயரோ திருச்சியில் கணித விரிவுரையாளராக இருந்தவர். இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளர். அலுவல் முடிந்த வேளைகளில் எழுத்தர் ஒருவர் சூத்திரங்களில் ஆழ்ந்திருப்பதை இவ்விருவரும் குற்றமாகக் கொள்ளவில்லை. எழுதத் தாள் போதாமல், துறைமுகத்தில் சரக்குச் சுற்றி வந்த தாள்களை அவர் தேடித் திரிந்ததுண்டு.

இரவில் நாராயண ஐயர் இல்லத்தில் இருவரும் ஆளுக்கொரு கற்பலகையுடன் அமர்வர். இரண்டு படிகளுக்கிடையே உள்ள பலவற்றை இராமானுஜன் மனத்திலேயே தாண்டிவிடுவார். தம்போன்றோர்க்கும் விளங்குமாறு அவ்விடைப்படிகளை எழுதுமாறு ஐயர் வற்புறுத்துவார். மேலதிகாரி தம் கீழ் எழுத்தரிடம் தமக்கு விளங்கவில்லை என்று சொல்வது அந்நாளில் எளிய செயலன்று; எந்நாளிலும் எளிதன்று. சிந்தனையின் பாய்ச்சலைத் தடுக்காமல், அதைப் பிறர் பின்தொடரும் வழியை மட்டுமே அவர் கேட்டார்.

1912 நவம்பரில் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், ஸ்பிரிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். இராமானுஜன் கணக்கெழுதுவதில் வல்லவராக இல்லாமற் போகலாம். எனினும் அவர் ஆற்றலுக்கு உரிய வழி பிறக்கும்வரை மனநிறைவோடு பணியில் இருக்கச் செய்யவேண்டும் என்பது அதன் கருத்து. ஸ்பிரிங் அவ்வாறே செய்தார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய புகழ்பெற்ற கடிதம், துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்ற அறிமுகத்துடனேயே தொடங்குகிறது. பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவரும் கணிதவியலாளருமான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது, அவரிடம் இராமானுஜனின் ஆய்வுகள் காட்டப்பட்டன. வாக்கர் உடனே பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். பட்டம் பெறாத அவருக்கு 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. தன் ஊழியர் ஒருவரை இழப்பதற்கே ஓர் அலுவலகம் இத்துணைப் பாடுபட்டது வியப்பன்றோ!

ஸ்பிரிங் அத்துடன் நிற்கவில்லை. இங்கிலாந்துப் பயணத்துக்கான பல்கலைக்கழக உதவிக்கு ஆளுநரின் ஆதரவை வேண்டி, 1914இல் ஆளுநரின் செயலருக்குத் தாமே எழுதினார். அவ்வாண்டு மார்ச் 17ஆம் நாள் இராமானுஜன் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். பிரியுமுன் நாராயண ஐயர் தம் கற்பலகையை அவரிடம் கொடுத்து, அவருடையதைத் தாம் வாங்கி வைத்துக்கொண்டார் என்பது அவர் குடும்பத்தார் வழி வந்த செய்தி.