ஒரே பெயர், இரண்டு வம்சம்

எங்கள் அப்பா சைகோனிலிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் 61 இருக்கின்றன. 1951-லிருந்து 1955 வரை. கடிதம் தமிழில், மேலே தேதி மட்டும் பிரெஞ்சில். அக்காவுக்கு இப்போது 84 வயது, கண் மங்கிவிட்டது. அம்மாவின் நினைவு நாளுக்குள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒரு புத்தகமாக அடித்து அக்கா கையில் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எட்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தேன்.

பேரன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தான். ஸ்கிரிப்ட் என்றால் கணினிக்குக் கொடுக்கும் வேலைப்பட்டியல், நம் ஆபீஸ் நோட் மாதிரி: முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய். பிரெஞ்சு மாதப் பெயர்களைத் தமிழாக்கும். ஒரு பெயரை நீக்கும். கடைசியில் 61 கோப்பையும் ஒன்றாகக் கோத்துப் புத்தகமாக்கும். அந்தப் பெயர் என்ன என்று கேட்பீர்கள். அப்பா ஊரில் இல்லாத நாளில் அம்மாவுக்குக் கடன் கொடுத்து, பிறகு வாசலில் வந்து நின்று கத்திய ஒரு மனிதர். அவர் பேரப்பிள்ளைகள் இன்றும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். எனவே பெயர் வரும் இடத்திலெல்லாம் 'ஒருவர்' என்று மாற்றச் சொல்லியிருந்தேன்.

பேரனுடைய லினக்ஸ் மடிக்கணினியில் எல்லாம் சரியாக வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவன் கோயம்புத்தூர் போய்விட்டான். நான் இன்னும் நாலைந்து திருத்தம் செய்து, மகளுடைய மாக் கணினியில் அதே ஸ்கிரிப்டை ஓட்டினேன். முதல் வரியிலேயே நின்றது. மாதப் பெயர் அட்டவணை அதற்குப் புரியவில்லையாம். போனிலேயே பேரன் அதை வேறு விதமாக எழுதச் சொன்னான், எழுதினேன். இம்முறை ஒரு முனகலும் இல்லாமல் ஓடி முடிந்தது.

ஆனால் 142 பக்கம் வர வேண்டிய புத்தகம் 284 பக்கம் வந்தது. முப்பத்திமூன்று வருஷம் கோப்பு எண்ணியவன் நான், பக்க எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். திறந்து பார்த்தால் ஒவ்வொரு கடிதமும் இரண்டு தடவை. ஒன்றில் 'ஒருவர்', அடுத்ததில் அந்த மனிதரின் முழுப்பெயர், தகப்பனார் பெயரோடு! அச்சகத்துக்கு அனுப்பி, முப்பது உறவினர் வீட்டுக்கும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குற்றவாளி 'ஸெட்' என்ற ஒரு சின்னக் கட்டளை. கோப்பில் ஒரு சொல்லைத் தேடி வேறு சொல்லாக மாற்றுவது அதன் வேலை. "மாக்கில இருக்கற ஸெட் வேற தாத்தா, அது அப்படித்தான்" என்றான் பேரன். அப்படித்தான் என்றால் எப்படி? எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியிலிருந்து? சர்க்கார் வேலை பார்த்தவனுக்கு இந்தப் பதில் போதாது. இரண்டு வாரம் படித்தேன்.

அமெரிக்காவில் தொலைபேசியின் பெரும்பகுதியை ஏடி&டி என்ற ஒரே கம்பெனி வைத்திருந்தது. ஏகபோகம் என்று அரசாங்கம் வழக்குப் போட்டு, 1956-ல் ஒரு சமரச ஆணை வந்தது: தொலைத்தொடர்பைத் தவிர வேறு வியாபாரத்தில் இறங்கக் கூடாது. அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம்தான் பெல் லேப்ஸ். அங்கே 1969-ல் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். எழுபதுகளின் நடுவில் லீ மக்மஹோன் என்பவர் அதற்காக ஸெட்டை எழுதினார். கம்பெனிக்கு அதை விற்க வழியில்லை. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோடு சொற்பக் கட்டணத்தில் கொடுத்தது. ஒரு நீதிமன்ற ஆணையால் உலகத்துக்குக் கிடைத்த சொத்து என்று சொல்லலாம்.

வாங்கியவர்களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் ஒன்று. பில் ஜாய் என்ற மாணவர் தங்கள் திருத்தங்களைச் சேர்த்து 1978-ல் பிஎஸ்டி என்ற பெயரில் நாடா அனுப்பத் தொடங்கினார். இது முதல் கிளை.

1984-ல் ஏடி&டி பிரிக்கப்பட்டது. பழைய தடை நீங்கியதும் யுனிக்ஸ் விலைச்சரக்காகிவிட்டது. அதற்குச் சற்று முன்பே, 1983 செப்டம்பரில், ரிச்சர்ட் ஸ்டால்மன் ஓர் அறிவிப்பு விட்டார்: யுனிக்ஸைப் போலவே நடந்துகொள்ளும், ஆனால் அதில் ஒரு வரிகூட எடுக்காத, எவரும் திருத்தலாம் பகிரலாம் என்ற ஒரு தொகுப்பை எழுதப்போகிறேன், பெயர் க்னூ. எல்லாக் கட்டளையையும் அதே பெயரில் புதிதாக எழுதினார்கள், ஸெட் உட்பட. இது இரண்டாவது கிளை. ரத்த சம்பந்தம் இல்லை, பெயர் மட்டும் ஒன்று.

1992-ல் ஏடி&டியின் யுனிக்ஸ் நிறுவனம் பிஎஸ்டிக்காரர்கள் மேல் வழக்குப் போட்டது, பிறகு பல்கலைக்கழகத்தின் மேலும். 1994-ல் சமரசம் ஆயிற்று. சுமார் 18,000 கோப்புகளில் நீக்கச் சொன்னது 3! சுமார் 70-ல் உரிமைக் குறிப்புச் சேர்க்க வேண்டும், அவ்வளவே. இதற்காக இரண்டு வருஷம் இழுத்த வழக்கு. நம்மூர் பாகப்பிரிவினை வழக்குகள் தோற்றன போங்கள். அந்த இரண்டு வருஷத்தில், 1991-ல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், க்னூ கட்டளைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு முந்திப் போய்விட்டது. பிஎஸ்டி அப்போது கைக்குக் கிடைத்திருந்தால் லினக்ஸ் அநேகமாகப் பிறந்தே இருக்காது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பிஎஸ்டி அழிந்துவிடவில்லை. 2001-ல் வந்த மாக் ஓஎஸ் டென் தன் கட்டளைகளில் பெரும்பாலானவற்றை அந்த வம்சத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டது. மகளின் கணினிக்குள் இருக்கும் ஸெட் பெர்க்லி வழி வந்தது, பேரனுடையது ஸ்டால்மன் வழி வந்தது.

சண்டையைத் தீர்க்க ஒரு பொது விதிப்புத்தகமும் உண்டு. போஸிக்ஸ் என்று பெயர், 1988-ல் முதல் பாகம், கட்டளைகளுக்கான பாகம் 1992-ல். ஆனால் கோப்பிலேயே நேராகத் திருத்தச் சொல்லும் '-ஐ' என்ற குறி அந்த விதிகளில் இல்லை. விதி இல்லாத இடத்தில் அவரவர் வழக்கம். 'பழைய நகல் வேண்டுமானால் அதன் வால்பெயரை -ஐயோடு ஒட்டி எழுது, வேண்டாமென்றால் விடு' என்பது க்னூ வழக்கம். '-ஐக்கு அடுத்து எது வந்தாலும் அதுதான் நகலின் வால்பெயர்' என்பது பிஎஸ்டி வழக்கம். பேரன் எழுதியது '-ஐ -ஈ'. அந்த ஈ அடுத்து வருவது கட்டளை என்று சொல்லும் குறி. மாக் அதையே வால்பெயராக எடுத்துக்கொண்டு, திருத்தாத 61 பழைய நகல்களை '-ஈ' என்ற வாலோடு பக்கத்திலேயே வைத்துவிட்டது. கோக்கிற வரி அந்த அடைவில் இருந்த எல்லாவற்றையும் கோத்தது.

இதில் எந்த ஸெட்டும் தப்புச் செய்யவில்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பிரெஞ்சுச் சட்டத்து நொத்தேர் பத்திரத்தைத் தானே எழுதி, மூலத்தைத் தன்னிடமே காப்பவர். கடலூர் நோட்டரி கையெழுத்தைப் பார்த்து முத்திரை போடுபவர். அங்கே முத்திரை வாங்கிவிட்டு நொத்தேர் பத்திரம் இதுதான் என்று என் மேஜைக்கு வந்து வாதாடியவர்கள் எத்தனை பேர்!

முதலில் நின்றுபோன அட்டவணைக்கும் ஒரு கதை உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்டைப் படித்து நடத்துவது 'பாஷ்' என்ற நிரல், இது க்னூவுடையது. 2007-ல் க்னூவின் உரிமப் பத்திரம் மூன்றாம் பதிப்பாகக் கடுமையானது. அதன்கீழ் 2009-ல் வந்த பாஷ் 4-ல்தான் அந்த மாதிரி அட்டவணை சேர்ந்தது. மாக்கில் இருப்பதோ பழைய உரிமத்தின் கடைசிப் பதிப்பான 3.2. 2019-லிருந்து மாக்கில் அந்த இடத்தில் 'ஸீஷெல்' முன்னால் நிற்கிறது, பழைய பாஷ் மூலையில் அப்படியே இருக்கிறது. பேரனின் முதல் வரி கூப்பிட்டது அந்தக் கிழவரைத்தான்.

பரிகாரம் சின்னதுதான். '-ஐ'யோடு இடைவெளி இல்லாமல் '.பேக்' என்று ஒட்டி எழுதினால் இரண்டு வம்சமும் ஒரே மாதிரி படிக்கின்றன. பிறகு அந்த .பேக் நகல்களை நீக்க ஒரு வரி, அதன் பிறகே கோக்கிற வரி. ஓட்டினேன். 142 பக்கம். அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தேன், ஓரிடத்திலும் இல்லை.

நினைவு நாளன்று அக்காவுக்கு நானே படித்துக் காட்டினேன். 23-வது கடிதத்தில் 'ஒருவர்' வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"யாருடா அது ஒருவர்? அந்த ஆள் பேரை ஏன் எடுத்தே? அவர் கத்தினதைத்தானே நீ கேட்டே. மறுநாள் ராத்திரி அவர் பொண்டாட்டி கொல்லைப்பக்கமா வந்து அரிசி குடுத்துட்டுப் போனது உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு மூன்று வயது.