சுட்டுவிரல் மட்டும் ஏன் குட்டை?

ஒஸ்லோவில் இருந்து பேசுகிறேன். ஆகவே இந்த நகரத்தின் அறிஞர் ஒருவரைப் பற்றியே சொல்ல நினைத்தேன். அவர் ஒட்டோ மூர்.

1918இல் மூர் நியூயோர்க் போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தோமஸ் மோர்கன் குழுவினர் பால் போத்தல்களில் பழ ஈ வளர்த்து, மரபணுக்களின் இருப்பிடத்தைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. சிறகோரம் வெட்டுப்பட்டதுபோல் பிறந்த ஈக்களை மூர் ஆராய்ந்தார். அவற்றின் குரோமோசோமில் ஒரு துண்டே இல்லை என்று 1919இல் எழுதினார். அதே ஆண்டு ஊர் திரும்பி உடற்கூற்றியல் பேராசிரியரானார். ஊரின் பெயர் அப்போது கிறிஸ்தியானியா.

1919இலேயே கிறிஸ்தியான் வ்ரீட் என்பவரோடு சேர்ந்து இன்னொரு ஆய்வையும் வெளியிட்டார். ஒரு நோர்வேஜியக் குடும்பம். தலைமுறை தலைமுறையாகப் பலருக்குச் சுட்டுவிரலின் நடு எலும்பு குட்டை. கால்களில் இரண்டாம் விரலும் அப்படியே. குறை இருபக்கமும் இருந்த தம்பதிக்குப் பிறந்த ஒரு குழந்தை, கைகால் விரல்களே இல்லாமல் பிறந்து, ஒரு வயதில் இறந்தது.

இங்கேதான் கேள்வி. உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் அதே மரபணுதான் இருக்கிறது. பிறகு ஏன் ஒரு விரலில் மட்டும் குறை?

பதிலின் பெரும்பகுதி, பின்னாளில், அதே பழ ஈயிலிருந்து வந்தது. மரபணுவின் அருகிலோ தொலைவிலோ 'சுவிட்ச்' போன்ற டிஎன்ஏ துண்டுகள் உண்டு. படியெடுப்புக் காரணிகள் என்னும் புரதங்கள் அவற்றில் போய் ஒட்டினால் மரபணு வேலை செய்யத் தொடங்கும். எந்தப் புரதங்கள் எங்கே இருக்கின்றன என்பது திசுவுக்குத் திசு மாறும். 1995இல் பாசலில் வால்டர் கேரிங் குழுவினர், கண்ணை உருவாக்கும் காரணியொன்றை ஈயின் காலிலும் சிறகிலும் இயக்கினார்கள். அங்கெல்லாம் கண் முளைத்தது!

2009இல், மூர் கண்ட அதே வகை விரற்குறை உள்ள வேறு குடும்பங்களைப் பார்த்தார்கள். மரபணுவில் பிழையே இல்லை. அதிலிருந்து வெகுதூரத்தில், கைகால் வளர்ச்சிக்கான சுவிட்ச் ஒன்று இரட்டித்திருந்தது.

இது ஏன் நமக்கு முக்கியம்? மூரின் காலத்தில் இதே நகரில் யோன் ஆல்ஃப்ரெட் மியோன் என்பவர், சாமி மக்களும் நோர்வேஜியரும் கலந்தால் சந்ததி கெடும் என்று அறிவியலின் பெயரால் எழுதினார். அதை அறிவியல் அல்லவென்று எதிர்த்தவர்களில் மூர் ஒருவர். போருக்குப் பின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் அவரையே தன் தலைவராக்கியது.

இரத்தத்தில் விதி எழுதியிருக்கிறது என்று நம்மவரும் சாதி பேசும்போது சொல்கிறார்கள். ஒரு விரலின் நீளத்தைக்கூட மரபணு தனியே தீர்மானிப்பதில்லை.